பணியும் பகர்வும்



உருவாகிக்கொண்டிருக்கும் படைப்பைப் பற்றி எத்துணை முறை பேசலாம், எங்கே பேசலாம் என்பது கவிஞர் கூடும் அவையில் எழ வேண்டிய வினா. முடியாத காவியத்தை மேடைதோறும் அறிவித்து, அறிவித்த நிறைவிலேயே எழுதுகோலை மூடிவைத்தவர் உண்டு. எவருக்கும் காட்டாது வைத்திருந்து, பிழையோடே அச்சேற்றியவரும் உண்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியை நெடுங்காலம் நடந்து காட்டியவர் கவிஞர் அல்லர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக் கணினி அறிஞர் டொனால்டு கனூத்.

தம் 'கணினி நிரலாக்கக் கலை' நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு 1977இல் வந்த மெய்ப்பைக் கண்டு அவர் மனம் வெதும்பினார். முதற்பதிப்பின் எழுத்தழகு புதிய ஒளியச்சுக் கோப்பில் காணாமற் போயிருந்தது. அச்சுக்கோக்கும் நிரலொன்றைத் தாமே எழுதத் துணிந்து, அதற்கு 'டெக்' எனப் பெயரிட்டார். கலையையும் தொழில்நுட்பத்தையும் ஒருங்கே குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. விரைவில் முடியும் என எண்ணிய பணி பத்தாண்டுக்கு மேல் நீண்டது.

இப்பணி பற்றி அவர் எழுதியவற்றை எழுதிய இடம் நோக்கிப் பகுத்துக் காணல் தகும். 1977 மே மாதத்து முதல் வரைவு தமக்கே எழுதிக்கொண்ட குறிப்பு. அது நூலில் இடம்பெற்றது 1999இல்தான். 1978 மார்ச்சு முதல், கண்ட பிழைகளையும் செய்த மாற்றங்களையும் ஒன்று விடாமல் குறிப்பேட்டில் பதிந்து வந்தார். மறதியால் விட்டது, கைதவறி எழுதியது, மொழியைத் தவறாகக் கையாண்டது, எதிர்பாராது விளைந்தது என அவற்றைப் பதினைந்து வகையாக்கி, வகைக்கு ஓர் எழுத்தும் இட்டார். பதிவுகள் எண்ணூறைக் கடந்தன. அக்குறிப்பேட்டை அடிப்படையாகக் கொண்டு 'டெக்கின் பிழைகள்' என்னும் கட்டுரையை 1989இல் துறைசார் ஆய்விதழொன்றில் வெளியிட்டார்.

இங்கு ஒரு சிறு இடைப்பேச்சு. தன்னைப் புகழ்தல் தகாது என விலக்கிய நன்னூல், புகழத் தகும் இடங்கள் சிலவற்றையும் பாயிரத்தில் வகுத்துள்ளது. அவையடக்கத்திலோ குற்றம் பொறுக்குமாறு வேண்டுவது மரபு. ஆயின் எந்தக் குற்றம், எந்த அடியில், எதனால் என்று கூறும் வழக்கம் இல்லை. பொதுவான பணிவு எளிது. எண்ணிட்ட பட்டியல் அரிது.

நாள்தோறும் எழுதியது தமக்காக. பிறர்க்காக எழுதியது வேறோரிடத்தில். டெக்கைப் பயன்படுத்துவோர் சங்கம் 1980 முதல் 'டக்போட்' என்னும் இதழை நடத்திவருகிறது. நிரல் இனி வளராது, பிழை மட்டுமே திருத்தப்படும் என்ற அறிவிப்பை 1990இல் அவர் வெளியிட்டது அவ்விதழில்தான். அதன்பின் ஒவ்வொரு திருத்தத்திற்கும் பதிப்பெண்ணில் ஓர் இலக்கம் கூடி, வட்டத்தின் பை மதிப்பை அது நெருங்கிச் செல்கிறது. 2021ஆம் ஆண்டுப் பதிப்பு 3.141592653. தமக்குப் பின் அவ்வெண் பை என்றே நிலைபெற வேண்டும், எஞ்சிய பிழைகள் எல்லாம் நிரலின் இயல்புகளாகக் கொள்ளப்படவேண்டும் என்றும் எழுதிவைத்தார். அதே 1990 சனவரி முதல் நாளிலிருந்து மின்னஞ்சலையும் துறந்தார்.

திருத்த அறிக்கைகளின் இடைவெளி கூர்ந்து நோக்கத்தக்கது. 2008, 2014, 2021 என வந்தன. அடுத்தது 2029இல் என அறிவித்துள்ளார். ஆறு, ஏழு, எட்டு என ஆண்டுகள் கூடுகின்றன. பணி கனியக் கனியப் பேச்சு அருகுகிறது. பலர் செய்வது இதற்கு நேர்மாறு: இடர்ப்படும் காலத்தில் வாய்மூடி இருந்து, நூல் வெளிவந்தபின் நாள்தோறும் அதைப் பற்றிப் பேசுவர். திருத்தம் ஏற்கத்தக்க பருவத்தில் கேட்போர் இல்லை; கேட்போர் கூடும்போது திருத்த இடமில்லை.

2022இல் ஒரு பிழையைக் கண்டவர் ஏழாண்டு காத்திருப்பது முறையா என வினவலாம். அவ்வினா நேரியதே, காத்திருப்பவர்க்கு அது இழப்புத்தான். ஆயின் அன்று இந்நிரலால் கோத்த பக்கம் பல்லாண்டு கழித்தும் அவ்வாறே அமைய வேண்டும் என்பது கனூத்தின் நோக்கம். அடிக்கடி மாறும் கருவியில் அது கைகூடாது. புதுமை வேண்டுவோர் வேறு பெயரில் தம் நிரலைச் செய்துகொள்ள அவர் தடை கூறவில்லை. அவ்வாறு செய்தோர் பலர்.

கவிஞர்க்கு இவ்வளவு நீண்ட இடைவெளி பொருந்தாது. கைப்படிக் குறிப்பேடு நாள்தோறும் எழுதப்படலாம். நண்பர் இருவர் மூவர் அறிய ஒரு வரைவு திங்களுக்கு ஒருமுறை படிக்கப்படலாம். இவ்வட்டத்தின் கூட்டம் அதற்கு ஏற்ற இடம். இதழுக்கு அனுப்புவது, எவ்வடி ஏன் மாறியது எனச் சொல்ல முடிந்த பின்னர். 'டெக்கின் பிழைகள்' அச்சில் வருவதற்குமுன் குறிப்பேட்டில் பதினோராண்டு கிடந்தது.