பறவை பசியாறட்டும்

(ஆண்டவரின் திருமுழுக்கு விழாவன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



கிறிஸ்து பிறப்புக் காலத்தை நிறைவுசெய்து இன்று யோர்தான் ஆற்றங்கரைக்கு வந்திருக்கிறோம். இயேசு ஆற்றில் இறங்குகிறார். வானம் திறக்கிறது. தூய ஆவி புறாவைப்போல இறங்கி வருகிறார். ஓர் ஆறு, ஒரு பறவை, கரையில் கூடி நிற்கும் மக்கள். இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு, இதே ஜனவரி மாதத்தில் மக்கள் கூட்டமாகப் பறவை பார்க்கப் போகும் வேறோர் ஆற்றுக்குச் சற்றுநேரம் போய்வருவோம்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் என்றோர் ஆறு ஓடுகிறது. கனடாவில் பிறந்து மலைகளின் நடுவே இறங்கிக் கடலில் கலக்கும் ஆறு அது. குளிர்காலம் தொடங்கும்போது சால்மன் மீன்கள் கடலிலிருந்து இந்த ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு வருகின்றன. தாங்கள் பிறந்த இடத்திலேயே முட்டையிட்டு, அங்கேயே இறந்தும் போகின்றன. கரையோரக் கூழாங்கல் திட்டுகளில் ஒதுங்கும் அந்த மீன்களைத் தின்பதற்கு, அலாஸ்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வெண்தலைக் கழுகுகள் கூட்டமாக வந்து சேர்கின்றன. 1782 முதல் அமெரிக்காவின் அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கழுகுதான்.

இதே கழுகு ஒரு காலத்தில் அழிவின் விளிம்பில் நின்றது. பூச்சிகளைக் கொல்லத் தெளித்த டி.டி.டி. மருந்து, தண்ணீரில் கலந்து, மீன் வழியாகக் கழுகின் உடலுக்குள் போனது. முட்டை ஓடுகள் மெலிந்தன. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையைத் தாங்காமலே அவை உடைந்தன. 1963-இல், அலாஸ்கா நீங்கலாக, நாடு முழுவதிலும் கூடுகட்டி வாழ்ந்தவை 417 இணைகளே. 1972-இல் அந்த மருந்து தடை செய்யப்பட்டது. பிறகு கழுகுகள் மெல்ல மெல்லப் பெருகின. 2007-இல் ஆபத்துக்குள்ளான உயிர்களின் பட்டியலிலிருந்து இந்தக் கழுகை நீக்கியபோது, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இணைகள் இருந்தன.

மீண்டு வந்த இந்தப் பறவையைப் பார்க்க மக்களுக்கு ஆசை இருக்காதா? நண்பர்களும் குடும்பங்களுமாகச் சேர்ந்து, ரப்பர் படகில் ஏறி, ஆற்றின் போக்கிலேயே மிதந்துபோய்ப் பார்க்கிறார்கள். அதற்கு ஏற்பாடு செய்வது சின்ன வேலையல்ல. ஆறு போகும் பக்கம்தான் படகும் போகும். ஆகவே கரையேறும் இடத்தில் முன்கூட்டியே ஒரு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அந்தத் தண்ணீரில் விழுந்தால் சில நிமிடங்களிலேயே கைகால் மரத்துப்போகும். எனவே ஒருவர் விடாமல் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். பருத்தி உடை நனைந்தால் உடல் சூட்டை இழுத்துவிடும். கம்பளி உடையும் மழைக்கோட்டும் வேண்டும். பிளாஸ்கில் சூடாகக் குடிக்க ஏதாவது வேண்டும். தலையை எண்ணி ஏற்றி, தலையை எண்ணி இறக்க வேண்டும்.

இவையெல்லாம் நம்முடைய பாதுகாப்புக்கு. பறவையின் பாதுகாப்புக்கு என்று வேறு சில ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாவது, விடிந்ததும் படகை இறக்கக் கூடாது. கழுகு பெரும்பாலும் காலையில்தான் திட்டுகளில் இறங்கி மீன் தின்னும். குளிர்காலத்தில் அங்கே பகல் மிகவும் குறுகியது. படகைக் கண்டு மிரண்டு பறந்தால், அதன் சாப்பாடு பாதியில் நின்றுவிடும். பறப்பதற்குச் செலவான தெம்பை ஈடுசெய்ய இன்னும் கூடுதலாகத் தீனி வேண்டும். விட்ட இடத்துக்கு நெடுநேரம் திரும்பாமலும் போகலாம். ஆகவே விவரம் அறிந்தவர்கள் காலை வேளையைக் கழுகுக்கே விட்டுவிடுகிறார்கள். பொழுது நன்றாக ஏறிய பிறகுதான் படகை இறக்குகிறார்கள். படகில் சத்தம் போடுவதில்லை. எழுந்து நின்று கையை ஆட்டுவதில்லை. படம் எடுப்பதற்காகக் கழுகு நிற்கும் திட்டில் போய் இறங்குவதும் இல்லை.

அன்பர்களே, மருந்து தெளித்தவர்களுக்குக் கழுகின்மேல் பகை எதுவும் இருக்கவில்லை. படகில் வருபவர்களுக்கோ அதன்மேல் ஆசையே உண்டு. ஆனால் அந்த ஆசையும் ஒரு பறவையைப் பட்டினி போட்டுவிடக்கூடும். நமக்கு அன்பு இருந்தால் மட்டும் போதாது. அந்த அன்பு எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு நெருங்கி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

எசாயா இறைவாக்கினர் இன்று நமக்குக் காட்டும் ஊழியர் தெருவில் கூச்சலிடாதவர். நெரிந்துபோன நாணலைக்கூட ஒடிக்காதவர். நற்செய்தியில் இயேசு அப்படித்தான் வருகிறார். முன்னறிவிப்பு இல்லாமல், பாவிகளின் வரிசையில் ஒருவராக ஆற்றில் இறங்குகிறார். உயிர்த்தெழுந்த பிறகும் அவர் மாறவில்லை. தம்மை மறுதலித்த பேதுருவை ஒரு விடியற்காலையில் கடற்கரையில் சந்திக்கிறார். கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டுக் கொடுக்கிறார். அன்பு செய்கிறாயா என்று பேதுருவிடம் கேட்டது எப்போது? எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான்.

இதில் நாங்களும் தவறியிருக்கிறோம். ஒரு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன், ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் சேலையும் கொடுக்க ஏற்பாடு செய்தோம். மேடை போட்டோம். மைக்கில் பெயரைப் படித்தோம். கொடுத்த பையைக் கையில் பிடித்தபடி நிற்கவைத்துப் படமும் எடுத்தோம். ஒரு தாய் தலையைக் குனிந்து முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். "நிமிர்ந்து பாருங்கம்மா" என்று நாங்களே சொன்னோம்! பெயர் படித்தபோது இரண்டு குடும்பங்கள் வரவேயில்லை. அவர்களுக்குத் தேவை இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த ஆண்டு மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. இருட்டிய பிறகு, அன்பியத்துக்கு இரண்டு பேராக வீடு வீடாகப் போனோம். அந்தத் தாயின் வாசலில் பையை வைத்துவிட்டுத் திரும்பும்போது, "சாமி, வாசலோட போறீங்களே! உள்ள வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அன்றுதான் அவருடைய முகத்தை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம்.

இந்த வாரம் நாம் யாரையாவது பார்க்கப் போவோம். மருத்துவமனையில் கிடப்பவரை, கணவரைப் பறிகொடுத்தவரை, தேர்வில் தவறிய பிள்ளையை. போகத்தான் வேண்டும், போகாமல் இருப்பது அன்பாகாது. ஆனால் புறப்படும் முன் கேட்டுக்கொள்வோம்: இது அவருக்கு ஏற்ற நேரமா, நமக்கு வசதியான நேரமா? எப்படி நடந்தது, எவ்வளவு செலவானது என்று துருவப் போகிறோமா, பக்கத்தில் சற்று உட்காரப் போகிறோமா? கையில் இருக்கும் செல்போன் பைக்குள்ளேயே இருக்குமா?

யோர்தானில் ஓசையின்றி இறங்கிய ஆண்டவர், மெல்ல நெருங்கும் அன்பை நமக்குக் கற்றுத் தருவாராக. ஆமென்.