ஆட்டம் யாருடைய சொத்து?

(புதுக்கோட்டை வட்டாரத்தில் நடந்த படிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கூலிப் பிரச்னை இருக்கிறது, பஞ்சப்படி பாக்கி இருக்கிறது, இந்த நேரத்தில் விளையாட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் முணுமுணுப்பது நமக்குக் கேட்கிறது. சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

நம் பக்கத்துச் சாவடிக் கல்லில் ஆடுபுலிக் கட்டம் கீறிக் கிடக்கும். யார் கீறியது? மாடு மேய்த்த பையன் கீறியிருப்பான். வேலை ஓய்ந்த உழவன் கீறியிருப்பான். மூன்று புலி, பதினைந்து ஆடு. புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் இருந்தால் போதும். தாயமும் பல்லாங்குழியும் அப்படியே. "இது என் ஆட்டம், காசு வைத்துவிட்டு ஆடு" என்று எந்த மிராசுதாரும் நோட்டீஸ் விட்டதில்லை. (விட்டிருந்தால் அவர் பாடு என்னவாகியிருக்கும் என்பது வேறு கதை!)

பெட்டியில் அடைத்து விற்கிற ஆட்டங்களின் சங்கதி வேறு. அவற்றுக்குச் சொந்தக்காரக் கம்பெனி உண்டு. அந்தக் கம்பெனி நடந்துகொள்ளும் விதத்தால், ஆடுகிறவனுக்கு ஆட்டத்தின் மேலிருந்த பிரியமே கசந்து போகிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

ஸ்கிராபிள் என்று ஓர் ஆட்டம். சிறு கட்டைகளில் எழுத்துகள் இருக்கும். அவற்றை அட்டைமேல் கோத்துச் சொல் சேர்க்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் முதலாளி அல்ல. 1930களின் பெருமந்தத்தில் வேலை பறிபோன ஆல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். பின்னால் அமெரிக்காவிலும் கனடாவிலும் இதன் உரிமை ஹாஸ்ப்ரோ கம்பெனிக்கு, மற்ற நாடுகளில் மாட்டெல் கம்பெனிக்கு என்று ஆனது. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு ஜமீன்! உலகத்துக்கே வரப்புப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள்.

கல்கத்தாவில் ரஜத், ஜெயந்த் அகர்வாலா என்று இரண்டு சகோதரர்கள். இதே மாதிரி ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஆடும்படி செய்து "ஸ்கிராபுலஸ்" என்று பெயர் வைத்தார்கள். பேஸ்புக் வழியாகத் தினம் சுமார் ஐந்து லட்சம் பேர் ஆடினார்கள். கடல் தாண்டிப் போன மகள் தாயோடு ஆடலாம், பழைய சிநேகிதர்கள் ஆடலாம். 2008 ஜனவரியில் இரு கம்பெனிகளும் இதை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் விட்டன. ஜூலையில் ஹாஸ்ப்ரோ நியூயார்க் கோர்ட்டில் வழக்குப் போட்டது. சில நாளில் அமெரிக்க, கனடா ஆட்டக்காரர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது.

ஆடியவர்களுக்கு யார்மேல் கோபம் வந்தது? சகோதரர்கள் மேல் அல்ல, கம்பெனி மேல். ஸ்கிராபுலஸைக் காப்பாற்று என்று ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கம்பெனிக்கு இவர்கள் எதிரிகளா? இல்லை, அந்த ஆட்டத்தை நேசித்தவர்கள்! தன் சரக்கை விரும்புகிறவனையே விரோதியாக்கிக் கொள்கிற புத்தி லாபவெறிக்குத்தான் வரும். நியாயத்தையும் சொல்லிவிடுவோம்: பெயரைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்தது சகோதரர்கள் செய்த பிசகு. மாட்டெல் தொடுத்த வழக்கில் 2008 செப்டம்பரில் டெல்லி ஹைகோர்ட் அந்தப் பெயருக்குத் தடை விதித்தது. ஆனால் ஆட்டத்தின் அட்டைக்குப் பதிப்புரிமை கோரியதை ஏற்கவில்லை. டிசம்பரில் ஹாஸ்ப்ரோ தன் வழக்கை வாபஸ் வாங்கியது.

நிலமில்லாத தோழர்கள் அடுத்ததைக் கவனியுங்கள். நம் பிள்ளைகள் வீடு வாங்கி வாடகை வசூலித்து ஆடுகிற "பிசினஸ்" ஆட்டம் மோனோபொலியின் சாயல். அதற்கு மூலம், லிஸ்ஸி மேகி என்ற அம்மையார் 1904இல் உரிமம் பெற்ற "நிலப்பிரபு ஆட்டம்". நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவன் கொழுக்கிறான், குடியிருப்பவன் ஓட்டாண்டியாகிறான் என்று காட்டவே அவர் அதைச் செய்தார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி அவருடைய உரிமத்தை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டு, சார்லஸ் டாரோ என்பவரே மோனோபொலியைக் கண்டுபிடித்தார் என்று ஊரெல்லாம் பரப்பியது. கண்டிப்பதற்குச் செய்தது, ஆசை காட்டுவதாக மாறிவிட்டது. அந்தக் கம்பெனியும் 1991இல் ஹாஸ்ப்ரோவின் வயிற்றுக்குள் போயிற்று.

அதே ஹாஸ்ப்ரோவின் கையில்தான் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற ஆட்டமும் இருக்கிறது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கூடிக் கதை கட்டுகிற ஆட்டம். நம் ஊர்த் திண்ணைக்கு ஒத்துவரும்! 2000ஆம் ஆண்டில் ஓர் உரிமம் கொடுத்தார்கள்: இதன் விதிகளை வைத்து யாரும் புத்தகம் எழுதலாம், விற்கலாம், கப்பம் வேண்டாம். அதை நம்பிப் பல சிறு எழுத்தாளர்கள் பிழைத்தார்கள். 2023 ஜனவரியில் புது ஒப்பந்தத்தின் நகல் வெளியே கசிந்தது. ஆண்டு விற்பனை ஏழரை லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் நூற்றுக்கு 25 கம்பெனிக்கு! லாபத்தில் அல்ல தோழர்களே, விற்ற தொகையில். விளைந்தாலும் பொய்த்தாலும் வாரம் அளந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர்ப் பொது மேய்ச்சல் தரையில் இருபது வருஷம் கழித்து ஒருவன் வேலி அடிக்கிறான்.

ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்குக் கட்டி வந்த மாதச் சந்தாவைக் கூட்டங்கூட்டமாக ரத்து செய்தார்கள். கம்பெனி கருத்துக் கேட்டபோது 15,000 பேருக்கு மேல் எழுதினார்கள். 27ஆம் தேதி கம்பெனி பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடமாட்டோம் என்றது. முக்கிய விதிகளைத் திரும்பப் பெற முடியாத பொது உரிமத்திலேயே விட்டது. பறிக்க வந்தவன் முன்னிலும் அதிகமாகக் கொடுத்துவிட்டுப் போனான்!

ஆனால் மனம் பழையபடி ஒட்டியதா? பலர் வேறு ஆட்டங்களுக்குப் போனார்கள். எட்டு மாதத்துக்கென்று வைத்திருந்த விதிப் புத்தகங்கள் இரண்டே வாரத்தில் தீர்ந்தன என்று பைசோ என்ற போட்டிக் கம்பெனி சொன்னது. பைசோவும் கம்பெனிதான், தர்மசத்திரம் அல்ல. அங்கே 2021இல் ஊழியர்கள் சங்கம் அமைத்தபோது, வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவர்கள் பேனாவைக் கீழே வைத்து ஆதரவாக நின்றார்கள். அதன் பிறகுதான் நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்தது.

2023 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால், ஹாஸ்ப்ரோ சுமார் 1,100 பேருக்கு ஆட்குறைப்பு அறிவித்தது. அதே வருஷம் முன்னதாகவே 800 பேர் போயிருந்தார்கள். டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்துக்கு உழைத்தவர்களும் அதில் அடக்கம். 2024இல் அந்த ஆட்டத்துக்கு ஐம்பதாவது ஆண்டு விழா நடந்தது.

கேள்வி இருந்தால் கேளுங்கள், தோழர்களே. பிறகு பஞ்சப்படி விஷயத்துக்குப் போவோம்.