துப்பாக்கி ஏந்தியவரும் கொழுந்து கொய்தவரும்

(பதுளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தளபதிக்குச் சிலை உண்டு. சாதாரணக் காலாட்படைச் சிப்பாய்க்கு நினைவுக்கல்லில் ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரியும் கிட்டாத மக்களையும் அச்சிப்பாயோடு சேர்த்து நினைவுகூரவே நாம் கூடியுள்ளோம்.

1900ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப்படை என்றொரு படை அமைந்தது. ஐரோப்பியர்க்கு மட்டுமே அதில் இடம். 1914 அக்டோபரில் அப்படையினர் 237 பேர் கொழும்பில் கப்பலேறி எகிப்து சென்றனர். முதலில் சூயஸ் கால்வாய்க் காவல்; பின்னர், 1915இல், துருக்கியின் கலிப்பொலிக் கரை. அங்கே ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் தளபதி பேர்ட்வூட்டுக்கு மெய்க்காவலராக நின்றனர். பலர் அதிகாரிகளாக உயர்ந்து வேறு படைகளுக்குச் சென்றனர், பலர் மாண்டனர். அவர்களது வீரத்தை நாம் குறைத்துப் பேச வரவில்லை. குண்டுக்கு நெஞ்சு கொடுத்தவன் எந்நாட்டானாயினும் வணக்கத்துக்குரியவன்.

ஆனால், துரை போர்முனை சென்றபோது தோட்டம் நின்றுவிட்டதா? இல்லை. விடியலில் தப்பு முழங்கியது, பிரட்டுக்களத்தில் ஆள் நின்றது, கூடைகள் நிறைந்தன.

இரண்டாம் உலகப் போரிலும் அதுவே நடந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா ரப்பர் எதிரி கைக்குப் போயிற்று. இலங்கையின் ரப்பரே நேச நாடுகளுக்குப் பெருந்துணையாயிற்று. ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. பர்மா அரிசி நின்றது, பங்கீடு வந்தது. அரைவயிற்றோடும் ஊவா மலைகளில் நம் மக்கள் கொழுந்து கொய்தனர், பால் வெட்டினர். படைவீரன் குடித்த தேநீரிலும், அவன் ஏறிய வண்டியின் சக்கரத்திலும் அவர்களது உழைப்பு இருந்தது.

போர் முடிந்தது. கைம்மாறு என்ன?

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவனிடம் அச்சான்று ஏது? 1949ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டில் துரைமார் படை கலைக்கப்பட்டது. இலங்கை இராணுவம் தோன்றியது. அதே ஆண்டில் நம் மக்களின் வாக்குரிமை பறிபோயிற்று! படை கலைந்த துரைக்குத் திரும்பிச் செல்லத் தாய்நாடு இருந்தது. தொழிலாளியோ, பிறந்த மண்ணிலேயே நாடற்றவனானான்.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிப் பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்கள் பல, நீலகிரியில் மீண்டும் தேயிலைக் கூடையையே சுமந்தன. இங்கே நாடற்றோராய் எஞ்சியவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. போர் முடிந்து 58 ஆண்டுகள்!

வழக்கறிஞர்களே, ஆசிரியர்களே, மருத்துவர்களே! போர்க்காலத்தில் தோட்டங்களில் உழைத்தோரின் பெயர்களைத் திரட்டுங்கள். பிறப்புச் சான்று, துண்டு, செக்ரோல் எது கிடைப்பினும் காத்து வையுங்கள். முதியோர் மறைந்தால் சான்றும் மறையும். உழவர் பெருமக்களே! சொந்த நிலத்தின் அருமையை நீங்கள் அறிவீர்கள். குடியுரிமை பெற்றும் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் உறுதிப்பத்திரமின்றி லயத்தில் வாழ்கின்றன. அவர்களுக்கு வீடும் காணியும் கேட்கும் குரலோடு உங்கள் குரலையும் சேருங்கள்.

சிப்பாய்க்குக் கல்லில் பெயர் பொறித்தார்கள். தொழிலாளிக்குக் காணி உறுதியில் பெயர் பொறிக்கக் கேட்கின்றோம். அது சலுகையன்று; நிலுவையிலுள்ள கடன்.