விடுமுறையில் வேலைக்கு வரும் பிள்ளைகள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



அடுத்த மாதம் நம்ம ஊராட்சியில் கல்லூரி மாணவர்கள் 7 நாள் முகாம் போடப் போகிறார்கள். உங்களுக்கும் சேதி வந்திருக்கும். "வரட்டும், நாலு செடி நட்டுட்டுப் போகட்டும்" என்று ஒரு அக்கா சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அர்த்தம் இருக்கிறது. நட்ட செடிக்குத் தண்ணி ஊத்தினது யார் என்று நமக்குத் தெரியும். அதனால் இன்றைக்குக் கடன் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இப்படி மாணவர்கள் வந்து வேலை செய்த ஒரு ஊரைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு மார்ச் மாத வாக்கில் ஒரு வாரம் லீவு விடுவார்கள். வசந்த கால விடுமுறை என்று பேர். நிறையப் பிள்ளைகள் கடற்கரைக்குப் போய் ஆட்டம் பாட்டம் என்று இருப்பார்கள். சிலர் மட்டும் அந்த வாரத்தில் ஏதாவது ஒரு ஊருக்குப் போய்ச் சேவை செய்வார்கள். இதற்கென்றே 1991-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 'பிரேக் அவே' என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். முகாம் முடியும் வரை மதுவைத் தொடக் கூடாது என்பது அவர்கள் விதி. (இதை மட்டும் வீட்டில் ஆம்பளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.)

2005 ஆகஸ்டு 29-ம் தேதி கத்ரினா புயல் அடித்தது. நம்ம நாகப்பட்டினத்தில் சுனாமி அடித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பல பகுதிகள் கடல் மட்டத்தை விடத் தாழ்வு. கரை கட்டித்தான் ஊரைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். கரை உடைந்தது. நகரத்தில் சுமார் 80 சதவீதம் தண்ணிக்குள் போனது. வடிவதற்கு வாரக்கணக்கில் ஆனது.

அங்கே வீட்டுச் சுவர் நம்ம செங்கல் சுவர் மாதிரி இல்லை. மரச் சட்டம் அடித்து, அதன் மேல் ஜிப்சம் பலகை பொருத்தியிருப்பார்கள். ஊறினால் பலகை உப்பிப் பூஞ்சணம் பிடித்துவிடும். ஃபிரிட்ஜுக்குள் இருந்ததெல்லாம் அழுகி, திறக்க முடியாமல் அப்படியே டேப் சுற்றித் தெருவில் வைத்தார்கள். வீட்டைத் திரும்பக் கட்ட வேண்டுமென்றால் முதலில் சாமான் பூராவையும் வெளியே எடுத்து, பலகைகளைப் பெயர்த்து, வெறும் மரச் சட்டம் மட்டும் நிற்க விட வேண்டும். ஆள் வைத்துச் செய்தால் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். இந்த வேலையை ஒரு வருஷத்துக்குள் செய்யாத வீட்டை இடிக்கலாம் என்று நகர மன்றம் விதியும் போட்டது. வேற ஊரில் தஞ்சம் புகுந்திருக்கிற ஒரு வயசான அம்மா அந்தப் பணத்துக்கு எங்கே போவார்?

2006 மார்ச் லீவில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வந்து இறங்கினார்கள். முகத்தில் மாஸ்க், கையில் உறை, கடப்பாரை, தள்ளுவண்டி. காசு வாங்காமல் வீடு வீடாகப் பெயர்த்துச் சுத்தம் செய்தார்கள்.

இது உருப்படியான வேலையாக இருந்ததற்கு என் கணக்கில் ஒரே காரணம்தான். வேலை எது என்று முடிவு செய்தது மாணவர்கள் இல்லை. வீட்டுக்காரர் கேட்டு, சம்மதம் கொடுத்த பிறகுதான் உள்ளே போனார்கள். பலகை பெயர்க்கப் பெரிய தொழில் தெரிய வேண்டியதில்லை, உடம்பில் தெம்பு இருந்தால் போதும். கரண்ட் வேலை, குழாய் வேலையெல்லாம் தெரிந்தவர்கள் பின்னால் செய்ய வேண்டியது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல வரவில்லை. ஒரு வாரத்தில் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். சுத்தம் செய்த வீடு, கட்டப் பணமில்லாமல் வருஷக்கணக்கில் கூடாக நின்றதும் உண்டு. கறுப்பின ஏழை மக்கள் அதிகம் வாழ்ந்த லோயர் நைன்த் வார்டு பகுதிக்குப் பெரும்பாலோர் திரும்பி வரவே இல்லை. பஸ்ஸில் வந்து இடிபாட்டை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனவர்கள் மேல் அந்த ஊர் ஜனங்களுக்குக் கோபம் இருந்தது. நாகையில் பழைய துணியை மூட்டை மூட்டையாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? கொடுத்த மனசு நல்ல மனசுதான். யாருக்கு என்ன வேணும் என்றுதான் கேட்கவில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். வரப்போவது நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், என்.எஸ்.எஸ். என்பார்கள். காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-ல் ஆரம்பித்த திட்டம். ஒரு மாணவர் வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், அதோடு 7 நாள் சிறப்பு முகாமும் உண்டு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்ம மாதிரி வீட்டுப் பிள்ளைகள்தான். களை எடுக்கத் தெரியும், மாடு பிடிக்கத் தெரியும். விருந்தாளி மாதிரி உட்கார வைக்க வேண்டாம்.

பள்ளிக்கூடச் சுவருக்கு இன்னொரு தடவை வெள்ளையடிப்பதில் எனக்கு இஷ்டமில்லை. நம்மிடம் வேலை இல்லாமலா இருக்கிறது? முதியோர் உதவித்தொகை மனு நிராகரிக்கப்பட்டு, ஏன் என்று தெரியாமல் எத்தனை பாட்டிமார் இருக்கிறார்கள்? தெருத் தெருவாகப் போய்ப் பட்டியல் எடுத்து, மனுவோடு சேர்க்க வேண்டிய காகிதத்தைச் சரி பார்த்துக் கொடுப்பதற்குப் படித்த பிள்ளைகள்தான் சரி. பி.காம். படிக்கிறவர்களை இரண்டு இரண்டு பேராக ஒவ்வொரு குழுவுக்கும் விடலாம். ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு எழுத நம்ம பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரட்டும். அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது, போன பிறகு புத்தகம் பழையபடி வெறுமையாகிவிடும். குழுப் பணத்தை அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம், நோட்டை மட்டும் காட்டினால் போதும்.

இன்னொரு விஷயம், சமையல். போன முகாமில் 50 பேருக்கு மூன்று வேளையும் பொங்கிப் போட்டது நம்ம உறுப்பினர்கள் நாலு பேர். கடைசி நாள் மேடையில் ஆளுக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள், கூலி கிடையாது. முகாம் சாப்பாட்டுக்கு என்று பணம் ஒதுக்கப்படுகிறது. சமையல் கூலியை அதில் சேருங்கள் என்று முன்கூட்டியே கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. பொம்பளப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் தங்கும் பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குத் தண்ணி வருகிறதா என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

கல்லூரித் திட்ட அலுவலர் வருகிற வியாழக்கிழமை இடம் பார்க்க வருகிறார். ஒவ்வொரு குழுவும் இந்த வாரக் கூட்டத்தில் பேசி, என்ன வேலை வேண்டும், யார் வீட்டில், எத்தனை ஆள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். புதன்கிழமைக்குள் நகல் பிரதிநிதியிடம் வந்துவிட வேண்டும். வியாழக்கிழமை அவரோடு உட்கார்ந்து பேச யார் யார் வருகிறீர்கள்? கை தூக்குங்கள், பேர் எழுதிக்கொள்கிறேன்.