சாக்கிரதை



"சாக்கிரதை" என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். படியிறங்கும் முதியவரிடமும் சொல்லுகின்றோம். திருவிழாக் கூட்டத்துள் நுழையும் பிள்ளையிடமும் சொல்லுகின்றோம். இது வடசொல், விழித்திருத்தல் என்பது இதன் பொருள். சித்தாந்த நூல்கள் கூறும் ஐந்து அவத்தைகளுள் ஒன்றாகிய சாக்கிரமும் இதனோடு உடன்பிறந்த சொல்லே. உயிர் புருவநடுவில் நின்று 35 கருவிகளோடு கூடித் தொழிற்படும் நிலை அது. திருவள்ளுவரும் 54ஆம் அதிகாரத்திற்குப் பொச்சாவாமை என்று பெயரிட்டு, மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதியை விலக்கினார். ஆகவே சாக்கிரதை வேறு, அச்சம் வேறு. அஞ்சுபவன் தன்னையே நினைக்கின்றான். சாக்கிரதை உடையவன் தன் கடமையை நினைக்கின்றான்.

இதற்குச் சான்று வேண்டுவோர் தத்தனை நோக்குக. திருக்கோவலூரில் அரசு புரிந்த மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், நீறு பூசிச் சடை முடித்துப் புத்தகக் கட்டினுள் கத்தியை மறைத்து வந்தான். மற்றை வாயில்காப்போர் வேடங்கண்டு வழிவிட்டனர். இறுதி வாயிலில் நின்ற தத்தனோ, அரசர் துயில்கின்றார், சமயம் அறிந்து செல்லுக என்றான். அவன் கேளாது உட்புகுந்தான். தத்தனும் திருவேடத்தை மதித்தவனே. ஆதலின் கைப்பற்றித் தடுத்திலன். ஆயினும், அவன் புகுந்த கணமுதல் தன் மனத்தை அங்கேயே வைத்திருந்தான் என்கிறார் சேக்கிழார் பெருமான். அதனாலன்றோ, கத்தி பாய்ந்த அந்நொடியிலேயே ஓடிவந்து வாளை ஓங்கினான்!

"நாயனார் வீழ்ந்துவிட்டாரே; அவனது சாக்கிரதையால் விளைந்த பயன் யாது?" என்று வினவலாம். பயன் இனித்தான் வருகின்றது. வீழ்கின்ற நாயனார் அவனைத் தடுத்து, இவர் நம்மவர், இடையூறின்றிக் கொண்டுபோய் விடுக என்றார். எவனை வெட்ட வாள் ஓங்கினானோ அவனையே, கொதித்துச் சூழ்ந்த ஊராரை விலக்கி, நாட்டவர் அணுகாத இடம்வரை காத்துச் சென்று விட்டான் தத்தன். வழியில் அவன் சிறிது அயர்ந்திருந்தால் ஆணை பழுதாகியிருக்கும். மீண்டு வந்து அவன் சொல்லும் சொற்கேட்கும்வரை நாயனார் உயிர் தாங்கியிருந்தார். முன்னர் அரசர் உடலுக்குக் காவல். பின்னர் அவர் கொண்ட கொள்கைக்குக் காவல். பின்னதே அரியது.

அன்பர்களே, வீட்டைப் பூட்டுதலும் பணத்தை எண்ணி வாங்குதலும் வேண்டுவனவே. எனினும் அவை சாக்கிரதையின் முதற்படி. நம்மை நம்பினோர் உயிரையும் சொல்லையும் காத்து, சினம் மூளும்போதும் விழித்திருத்தலே அதன் முடிந்த பயன். அவ்விழிப்பைக் கூத்தப்பிரான் நமக்கு அருளுவானாக.

திருச்சிற்றம்பலம்.