விடியுமட்டும்

மரண பயம்தான் மதத்தைப் பெற்றது என்பார்கள். தாதியாக நான் கண்டது சற்று வேறு.

தன் கடைசி இரவில் ஒரு சைவ அம்மா என்னிடம் சொர்க்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "விடியுமட்டும் இருப்பியோ, பிள்ளை?" என்றுதான் கேட்டார். தலைமாட்டிலிருந்த திருநீற்றைச் சிலுவை அணிந்த நானே பூசிவிட்டேன்.

1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸும் தாதியாகப் பயின்றவர். உடல், மனம், உறவு, ஆன்மா நான்கும் சேர்ந்ததே சாகிறவரின் வலி என்றார். மோர்ஃபினுக்கு முதலாவதுதான் கேட்கும்.

கெத்செமனே இரவில் இயேசுவும் சீடர்களிடம் கேட்டது விழித்திருக்கும் துணையைத்தான். அவர்கள் தூங்கிவிட்டார்கள்.

நித்திய வாழ்வு உண்டா என்று சில இரவுகளில் எனக்கும் சந்தேகம் வரும். ஆனால், சாவுக்கு விடை தெரிந்தா மனிதர் நம்புகிறார்கள்? அந்த வாசல்வரை தனியே போக முடியாமல்தான் நம்புகிறார்கள்.

அந்த அம்மாவின் கையை விடியுமட்டும் நான் விடவில்லை.