நீரை நட்ட உழவர் குடும்பம்



வெள்ளி விழா மேடையில் பள்ளியையும் பட்டத்தையும் பற்றிக் கேட்கவே நீங்கள் வந்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது சிம்பாப்வே நாட்டின் சுவிசவானே வட்டாரத்தில் வாழ்ந்த ஓர் உழவர் குடும்பத்தைப் பற்றி. அதுவும் கல்விதான்.

குடும்பத் தலைவர் செபனையா பிரி மசேக்கோ. இரயில்வேயில் பணிபுரிந்தவர். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த அரசியலில் ஈடுபட்டமையால் 1964-இல் அவர் வேலை பறிக்கப்பட்டது. வேறு வேலைக்கும் வழி அடைக்கப்பட்டது. வீட்டில் எட்டு வயிறுகள். எஞ்சியவை ஏறத்தாழ எட்டு ஏக்கர் குடும்ப நிலமும் ஒரு விவிலிய நூலும். நிலமோ ஆடுமாடு மேய்ந்து தேய்ந்த சரிவு. 1930-ஆம் ஆண்டின் நிலப் பங்கீட்டுச் சட்டம் நல்ல நிலங்களை வெள்ளையருக்கு ஒதுக்கி, மண்ணின் மக்களை வறண்ட பகுதிகளில் நெருக்கியது. கல்லும் கரம்புமாக நிலம் பெற்ற நம் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஏதேன் தோட்டத்திற்கு ஆறு பாய்ந்ததைப் படித்த அவர், தம் நிலத்திற்கு மழையே ஆறு என்று கொண்டார். மழை பெய்யும்போது வெளியே நின்று, நீர் எங்கே விழுகிறது, எவ்வழி ஓடுகிறது, எதனை அரித்துச் செல்கிறது என்று உற்றுநோக்கினார். நிலத்தின் தலைமாட்டில் கருங்கற் குன்று. அதிலிருந்து பாயும் வெள்ளம் மண்ணையும் வாரிச் சென்றது. வெள்ளத்தின் குறுக்கே, சாந்து பூசாமல் கல்லடுக்குச் சுவர்களைக் குடும்பமாக எழுப்பினர். நீர் இடுக்குகளில் கசிந்து, வேகம் தணிந்து இறங்கியது. வண்டல் சுவரருகே தங்கியது. குன்றின் அடியில் ஒரு தொட்டி கட்டி, அதற்குக் குடியேற்ற நிலையம் என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். வந்த நீரை வரவேற்று, மண்ணுக்குள் குடிவைக்கும் இடமல்லவா!

வரப்பு என்றால் நீரைத் தேக்குவது என்றே நாம் அறிவோம். அந்நாட்டு அதிகாரிகள் சரிவின் குறுக்கே வெட்டச் செய்த வரப்புக் கால்வாய்களோ நீரை வயலைவிட்டு வெளியேற்றவே அமைந்தவை. பிரி அவற்றைத் தூர்க்கவில்லை. அவற்றுள்ளேயே இடைவெளிவிட்டு ஆழமான குழிகள் தோண்டினார். ஓடவேண்டிய நீர் குழியில் நின்று மண்ணில் இறங்கியது. கீழ்ப்புறத்துக் கிணறு ஊறியது. தாழ்ந்த பகுதியில் குளங்களும் வாழையும் நாணலும் உண்டாயின. நீரை நடுகிறேன் என்பது அவர் வழக்கு.

இதற்கும் இடையூறு வந்தது. ஈரநிலத்தில் பயிரிடுதல் அன்றைய சட்டப்படி குற்றம். அதற்காக வழக்கு மன்றத்தில் நின்றார். நிலத்தை நேரில் கண்ட நீதிபதி அவரை விடுவித்தார். விடுதலைப் போர்க் காலத்தில் சிறைப்பட்டு வதைக்கப்பட்டார். 1980-இல் நாடு விடுதலை பெற்றது. பின்னர் அண்டை உழவர்க்கெல்லாம் இம்முறையைக் கற்பித்து, 2015-இல் மறைந்தார்.

இளைஞர்களே, 1892-இல் நம் முன்னோர்க்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பல இன்று பிறர் கையில் உள்ளன. அவற்றை மீட்கும் போராட்டம் ஒருபுறம் நடக்கட்டும். இன்னும் நம் கையில் உள்ள ஓரிரு ஏக்கரைத் தண்ணீரில்லாத கரம்பென்று கூறி விற்க முனைவோர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் வரும் ஐப்பசி மழையில் ஒரு குடையுடன் தம் நிலத்தில் நின்று, நீர் போகும் வழியைப் பார்த்துவிட்டு வரட்டும். கிரயப் பத்திரத்தைப் பற்றி அதன்பின் பேசலாம்.